கரி படாத இடம்

எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் சிஐடி. அண்ணி வைத்தது. பால் பாக்கெட் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் பால்காரர் வீட்டில் சண்டை என்று முடிவு கட்டுவேன். எதிர்வீட்டுக் கதவு பட்டப்பகலில் சாத்தியிருந்தால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பேன். பத்தில் ஒன்பது தப்பாகத்தான் போகும். பத்தாவது சரியாக வந்து தொலைக்கிறதே, அதுதான் என்னைக் கெடுத்தது.

பிழைப்பும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. தீப்பிடித்த வீடுகளில் புகைக்கரி துடைப்பதுதான் அண்ணிக்கும் எனக்கும் வேலை. அண்ணன் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஏணி, பிளாஸ்டிக் விரிப்பு, ரப்பர் பஞ்சு, வாளி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாங்கள் படியேறுவோம். தண்ணீர் ஊற்றி அணைத்தவர்கள் போன பிறகு, பெயிண்ட் அடிப்பவர்கள் வருவதற்கு முன்னால், நடுவில் நாங்கள். ஒரு குடும்பத்தைப் பார்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. மெத்தை பால்கனியில் காயும், பீரோ திறந்து கிடக்கும், யார் மேல் தப்பு என்று இன்னும் பேசி முடித்திருக்க மாட்டார்கள்.

அண்ணிக்கு ஒரே சட்டம்தான். "நாம கரி துடைக்க வந்தவங்க. கண்ணும் கையும் சுவத்துல இருக்கணும். வாய் மாஸ்க்குக்குள்ள இருக்கணும்."

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் நான். மூன்று வருஷம் முன்பு ஒரு வீட்டில் அலமாரி எரிந்திருந்தது. அங்கே இருபது வருஷமாகச் சமைத்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் ஆதாரம். "அந்தம்மா அலமாரிப் பக்கமே வர பயப்படுறாங்களே, ஏன்?" என்று வீட்டுக்காரியிடம் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டேன். அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து எலக்ட்ரீஷியன் வந்து அலமாரிக்குப் பின்னால் ஓடிய பழைய ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். நான் அந்தச் சமையல்காரம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். சந்தேகம் வராமல் இருப்பது என் கையில் இல்லை.

போன மாதம் நாங்கள் போனது ஒரு இரண்டாவது மாடி வீடு. காலை ஒன்பது மணி. மணியடித்ததும் கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா, வாங்க என்பதற்கு முன்னால் கேட்டார்.

"நாலு மணிக்குள்ள முடிச்சிடுவீங்களா?"

தீப்பிடித்து நாலு நாள் ஆகிவிட்டது. நாலு நாள் பொறுத்த கரிக்கு இன்றைக்கு என்ன நாலு மணிக் கெடு? நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மா குள்ளம், என் தோளுக்குத்தான் வருவார். புடவை மடிப்பு ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல இருந்தது. அப்படிப்பட்டவரின் சமையலறையைத்தான் பார்க்க வேண்டும்.

கூரை முழுக்கக் கறுப்பு. ஜன்னல் திரை இருந்த இடத்தில் கம்பி மட்டும். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு மர ஷெல்ஃபும் அதில் அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பரும் எரிந்திருக்கின்றன. நல்லவேளையாக எண்ணெய் எரியவில்லை. எண்ணெய்க் கரி பிசுக்கு, உயிரை எடுக்கும். காகிதமும் மரமும் எரிந்த கரி காய்ந்த கரி, மாவு மாதிரி உட்கார்ந்திருக்கும், ஒழுங்காகத் தொட்டால் ஒழுங்காக வந்துவிடும்.

ஒழுங்காகத் தொடுவதுதான் யாருக்கும் தெரியாது. கரியைப் பார்த்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, ஈரத்துணியை எடுப்பது. ஈரம் பட்டதோ போச்சு, கரி சுவருக்குள் இறங்கிவிடும். முதலில் காய்ந்த ரப்பர் பஞ்சால் மேலிருந்து கீழே, அழுத்தாமல், ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். பஞ்சின் முகம் கறுத்ததும் கத்தியால் அதை ஒரு சீவு சீவிவிட்டு, புது முகத்தோடு அடுத்த இழுப்பு. எல்லாம் முடிந்த பிறகுதான் சோப்புத் தண்ணீர். அதை மட்டும் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் வழிந்த கோடு நிற்கும்.

நான் விரிப்பு எடுக்க ஹாலுக்கு வந்தபோது அந்த வீட்டு மருமகள் தரையில் உட்கார்ந்து ஒரு பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மடியில் எட்டு மாதக் கைக்குழந்தை அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. பையில் பார்த்தேன், எல்லாம் பெரியவர்கள் துணி.

"ஊருக்கா? குழந்தைத் துணி எதுவும் வைக்கலையேம்மா?"

"அவன் வரல. இங்கதான் இருப்பான்." குனிந்த தலை நிமிரவில்லை. "எங்க அண்ணன் நாலு மணிக்கு வர்றார், என்னைக் கூட்டிட்டுப் போக. ஆறு மாசம் அம்மா வீட்ல இருந்து உடம்பைப் பார்த்துக்கச் சொல்லியிருக்காங்க."

"பால் குடிக்கிற பிள்ளையை விட்டுட்டா?"

சமையலறை வாசலில் இருந்து வீட்டுக்காரம்மா பதில் சொன்னார். "புட்டிப்பால் பழக்கியாச்சு. அடுப்பை மறந்தவ நாளைக்குக் குழந்தையை எங்கயாவது மறந்துட்டா? தண்ணில உட்கார வெச்சுட்டு மறந்துட்டா? அந்த வயித்தெரிச்சலை யாரு தாங்குறது?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கேட்க ஒரு மாதிரியாக இருந்தது. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவர் உள்ளே போனதும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "குழந்தைக்குக் குளிக்க வெந்நீர் வெச்சேன். பாத்திரத்தை இறக்கினேன். அடுப்பை அணைச்சேன். முதல் நாள் எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொன்னேன், அணைச்சேன்னு. ரெண்டாவது நாள், அணைச்சேன்னுதான் நினைக்கிறேன்னு சொன்னேன். இப்ப கண்ணை மூடினா அடுப்பு எரியிற மாதிரியே தெரியுதுக்கா. ஒருவேளை நான்தான் அணைக்கலையோ என்னவோ."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிடம் நான் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். நாளுக்கு நாள் பேச்சு மாறினால் யாராக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். ஆனால் குழந்தையைப் பிடித்திருந்த அவள் கையையும் பார்த்தேன். எழுந்திருக்கும்போதும் குனியும்போதும் அந்தக் கை குழந்தையின் பிடரியை விட்டு நகரவே இல்லை. எதையாவது மறக்கிற கை மாதிரி அது தெரியவில்லை.

பதினொரு மணிக்கு டீ வந்தது. கொண்டுவந்தது மாமனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், ஆறடி உயரம், மெல்லிய குரல். தட்டில் டீயோடு பிஸ்கட்டும் வைத்திருந்தார். "களைப்பா இருப்பீங்க, முதல்ல குடிங்கம்மா" என்றார். எத்தனையோ வீட்டில் வேலை செய்திருக்கிறேன். வீட்டு ஆண்பிள்ளை தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தது அன்றுதான். மடியில் கனம் இல்லாதவன் இவ்வளவு பணிவாக இருப்பானா என்று எனக்கு உடனே ஓடியது.

"ஐயாதான் முதல்ல ஓடிவந்து அடுப்பை அணைச்சு, கேஸை மூடினாராமே?" என்று அண்ணி கேட்டார். கீழ்வீட்டுக்காரர்கள் படியில் சொன்னது அது. இல்லையென்றால் வீடே போயிருக்கும் என்று பாராட்டினார்கள்.

"ஏதோ, அந்த நேரத்துல தோணுச்சு" என்று சொல்லிவிட்டு மனிதர் கூரையைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, "எல்லா இடமும் சுத்தமா வந்துடுமா?" என்று கேட்டார்.

"ஏங்க, அங்க புகை நாத்தத்துல நிக்காதீங்க!" என்று அம்மாவின் குரல் வந்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது கிராம்பு வாசம் வந்தது. அம்மா எங்களிடம் வந்து, யாரும் கேட்காமலே சொன்னார்: "போன வருஷம் நெஞ்சுல கோளாறு வந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதின மனுஷன். டாக்டர் சொன்ன அன்னைக்கே விட்டுட்டார். சுத்தமா விட்டுட்டார்."

விட்டுட்டார் என்பதை இரண்டு தடவை சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். வாயை மூடிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

கூரையை முடித்து ஜன்னல் சுவருக்கு வந்தோம். ஜன்னலுக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்ட் விளிம்பு, அதற்கும் சுவரோடு சேர்த்து வெள்ளை அடித்திருந்தார்கள். அதில் கரி தடிமனாக உட்கார்ந்திருந்தது. முதல் இழுப்பில் வெள்ளை வந்தது. இரண்டாவது இழுப்பிலும் வந்தது. மூன்றாவதில் ஒரு துண்டு இடம் அப்படியே நின்றது.

பஞ்சைச் சீவிவிட்டு மறுபடி இழுத்தேன். அசையவில்லை. சுற்றி எல்லாம் பளிச்சென்று வந்திருக்க, நடுவில் மட்டும் உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு ஒரு நீள்சதுரம், சாம்பல் நிறத்தில். டார்ச் அடித்துப் பார்த்தேன். தானாக வந்து உட்காரும் கரிக்குக் கோடு கிடையாது. இதில் கோடு இருந்தது, வளைந்து திரும்பிய கோடு. யாரோ விரலில் ஈரம் தொட்டுக் கரியை அந்த இடத்தில் தேய்த்திருக்கிறார்கள்.

கரி படிந்த இடத்தில் எந்தப் பைத்தியம் கரியைத் தேய்க்கும்? ஏணி மேலேயே உட்கார்ந்து யோசித்தேன். அந்த இடத்தில் கரி படியாமல் இருந்தால்தான் தேய்க்க வேண்டிவரும். அங்கே ஏதோ ஒரு பொருள் இருந்திருக்கிறது. தீப்பிடித்தபோது அதன் மேல் கரி விழுந்தது, அதற்கு அடியில் விழவில்லை. பிறகு யாரோ அதை எடுத்துவிட்டார்கள். கறுத்த விளிம்பில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பல்லைக் காட்டியிருக்கும். அதை மறைக்கத்தான் இந்தப் பூச்சு. எல்லாம் கறுத்தபோது கறுக்காத அந்த இடம்தான் இப்போது எல்லாம் வெளுக்கும்போது வெளுக்க மாட்டேன் என்கிறது.

பொருள் என்ன என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டாம். சிகரெட் பாக்கெட்டின் அளவு கண்ணை மூடினாலும் தெரியும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அடியில், புகை வெளியே போகிற இடத்தில், பெண்களின் கை எட்டாத உயரத்தில். வாயில் கிராம்பு. தீப்பெட்டியோ லைட்டரோ சட்டைப்பையில் வைத்தால் துவைக்கிறவர் கையில் சிக்கும். அதனால் பர்னரில் பற்றவைத்திருக்க வேண்டும். பற்றவைத்தவருக்கு யாரோ வரும் சத்தம் கேட்டிருக்கும், போட்டது போட்டபடி நகர்ந்திருப்பார். சிறு தீ எரிந்துகொண்டே இருந்திருக்கும். காற்றில் திரை ஆடியிருக்கும்.

வேலைக்குப் போகும் மகன் தீப்பிடித்த அன்று வீட்டில் இல்லை. அம்மாவுக்கும் மருமகளுக்கும் அந்த விளிம்பு எட்டாது. மிச்சம் யார்?

கீழே இறங்கி அண்ணியிடம் சொன்னேன். அண்ணி ஏறிப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், இறங்கினார்.

"பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிடும். விடு."

"அண்ணி, பழி ஓரிடம் பாவம் ஓரிடமா இருக்கு. அந்தப் பொண்ணு குழந்தையை விட்டுட்டுப் போறா."

"சமையல்காரம்மாவை மறந்துட்டியா?"

"மறக்கல. அன்னைக்கு நான் வாயைத் திறந்து ஒரு பொம்பளை வீட்டை விட்டுப் போனா. இன்னைக்கு வாயை மூடிட்டு இருந்தா ஒருத்தி போறா. எதைத்தான் செய்யட்டும் நான்?"

அண்ணி பஞ்சைச் சீவினார். அவசியமில்லாமல் இரண்டு தடவை சீவினார். "எனக்குத் தெரியலடி" என்றார். அண்ணி எனக்கு அப்படிப் பதில் சொன்னதே கிடையாது.

நாலு மணி ஆகப்போகிற சமயத்தில் பெரியவர் இரண்டாவது டீயோடு வந்தார். அம்மா உள்ளறையில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். நான் ஏணியில் நின்றபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"ஐயா, இங்க ஒரு இடம் வெளுக்க மாட்டேங்குது."

"எந்த இடம்?"

"முதல்ல வெள்ளையா இருந்த இடம்."

டம்ளர்கள் தட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அண்ணி போய்த் தட்டை வாங்கினார். அந்த மனிதர் சுவரில் கையை ஊன்றினார். இப்போதுதான் துடைத்த சுவர்.

"ஒரே ஒரு இழுப்பு இழுப்பேன்மா, மத்தியானத்துல. அன்னைக்கு மருமக வர்ற சத்தம் கேட்டுச்சு, வெளிய போட்டுட்டு நகர்ந்துட்டேன். அணைச்சேனா இல்லையான்னு எனக்கே நிச்சயமாத் தெரியல."

"அந்தப் பொண்ணும் இதையேதான் ஐயா சொல்லுது."

அவர் முகம் கோணியது. "சொல்லிடணும்னுதான் இருக்கேன். காலைல எந்திரிக்கும்போது இன்னைக்குச் சொல்லிடணும்னு எந்திரிப்பேன். அவ என் மூஞ்சியைப் பார்ப்பா, எனக்கு நாக்கு எழாது. அவளை விட்டா எனக்கு வேற யாரும்மா இருக்கா?" என்றார். அவ என்றது மனைவியை. பிறகு நிமிர்ந்து, "ஆனா ஒண்ணு. நான் பாக்கெட்டை எடுத்தேன், அவ்வளவுதான். அதுல கரி தேய்ச்சது நான் இல்ல" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, மிச்சமிருக்கும் காம்பை மட்டும் எதற்கு மறைக்கிறார்? "அப்ப சுவரே தேய்ச்சுக்கிச்சா?" என்று கேட்டேன். அதற்குள் வாசல் மணி அடித்தது.

மகனும் மருமகளின் அண்ணனும் சேர்ந்து வந்திருந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் போய் மகன்தான் அழைத்து வந்திருக்கிறார். அண்ணன்காரர் செருப்பைக் கழற்றியதும், "போலாமாம்மா?" என்றார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. மருமகள் தூங்கி எழுந்த குழந்தையை வாங்கி ஒரு தடவை இறுக்கிக்கொண்டு, மறுபடி மாமியார் கையில் கொடுத்தாள். குழந்தை அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டது. விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். மகன் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் சமையலறை வாசலில் நின்றார். வாய் திறக்கும், மூடும்.

கடைசியாக ஒரு தடவை அந்தச் சதுரத்தில் பஞ்சை வைத்து அழுத்தித் தேய்த்தேன், அழுத்தவே கூடாது என்று தெரிந்தும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஏணியில் நிற்கும் என்னைப் பார்த்தார்.

"அதைத் தேய்க்காதேம்மா. அது போகாது. விட்டுடு."

என் கை நின்றது. அவர் நின்ற இடத்திலிருந்து விளிம்பின் மேல்பக்கம் தெரியாது. நான் என்ன தேய்க்கிறேன் என்பதே தெரியாது. அது போகாது என்பது எப்படித் தெரியும்? ஏற்கெனவே ஒருமுறை தேய்த்துப் பார்த்தவருக்குத்தானே தெரியும்!

அடுப்பு மேடைக்குக் கீழே பார்த்தேன். முக்காலி ஒன்று இருந்தது. காலையிலிருந்து அதை மூன்று தடவை நகர்த்தியிருக்கிறேன். எந்த வேலைக்கும் ஏணியோடு போகிறவளுக்கு, மற்றவர்கள் முக்காலியில் ஏறுவார்கள் என்று தோன்றவே இல்லை. சிஐடியாம் சிஐடி!

"போகாதுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். ஹாலுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன். அண்ணி தடுக்கவில்லை.

அம்மா குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஹாலில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரியவர் மனைவியைப் பார்த்தார். விஷயம் அவருக்கு மெல்ல மெல்லப் பிடிபடுவது முகத்தில் தெரிந்தது.

"நீயா? உனக்குத் தெரியுமா?"

"முப்பத்தி நாலு வருஷமா உங்க சட்டையத் துவைக்கிறேன். உங்க பாக்கெட் எம்மாம் பெரிசுன்னு எனக்குத் தெரியாதா?" அம்மாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் முக்காலி போட்டு ஏறிக் கூரையப் பார்த்தேன். பளிச்சுனு தெரிஞ்சுது. பையன் பார்த்தா உங்களை என்ன நினைப்பான்? தேய்ச்சு மறைச்சேன். மறுநாள் மனசு கேக்கல, கழுவிப் பார்த்தேன். அது போகல."

"அவ மேல ஏன் போட்டே?"

"கீழ்வீட்டுக்காரி கேட்டா, யாரு அடுப்பை விட்டதுன்னு. வாயில வந்துடுச்சு. வந்ததைத் திருப்பி விழுங்க முடியல. நீங்க சொல்லுவீங்க, நீங்க சொல்லுவீங்கன்னு நாலு நாளா உங்க வாயையே பார்த்திட்டிருந்தேன். நீங்க டீ போட்டுட்டு இருந்தீங்க."

மகன் போனைச் சட்டைப்பையில் போட்டார். பெரியவர் மருமகளின் பக்கம் திரும்பினார், ஆனால் அவள் காலைத்தான் பார்த்தார்.

"நான் போனப்போ அடுப்பு அணைஞ்சுதான் இருந்துச்சும்மா. நான்தான் பத்த வெச்சேன்."

கோபப்படுவாள், அழுவாள், ஏதாவது செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் வலது கையைத் தூக்கி, எதையோ திருகுவது போல விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் அணைச்சேன்" என்றாள். யாரிடமும் இல்லை. "நான் அணைச்சேன். எனக்கு ஞாபகம் இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு."

நேராகப் போய் மாமியாரின் இடுப்பிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அந்த அம்மா கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவள் அண்ணன் எதையும் கேட்காமல் பையைத் தோளில் போட்டார்.

"இப்ப எதுக்கும்மா போறே?" அம்மா வாசல் வரை பின்னாலேயே ஓடினார். "அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே. இனிமே எதுக்குப் போறே?"

"எனக்கும் தெரிஞ்சு போச்சு அத்தை" என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் நின்ற கணவனைப் பார்த்தாள். இந்த நாலு நாளில் அந்த மனிதர் என்ன பேசினார், யார் பக்கம் பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவர் உள்ளே வந்த பிறகு அவர் வாயிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள்.

அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவள் பதிலுக்கு நிற்கவில்லை. குழந்தையின் பிடரியில் கையை வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.